மரக்கரண்டியா, பிளாஸ்டிக் கரண்டியா: அடுப்பைப் பார்த்து முடிவெடுங்கள்

கொங்குப் பக்கம் எந்த வீட்டுச் சமையலறைக்குள் போனாலும் கரண்டி ஸ்டாண்டில் முக்கால்வாசி எவர்சில்வர்தான் தொங்கும். குழம்புக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, சாதக்கரண்டி இவற்றுக்கெல்லாம் மரமா பிளாஸ்டிக்கா என்று யாரும் யோசிப்பதில்லை, யோசிக்கவும் வேண்டாம். எவர்சில்வர் ஒத்துவராத சில இடங்கள் இருக்கின்றன, கேள்வி அங்கேதான் வருகிறது. நான்ஸ்டிக் சட்டி வாங்கியிருப்பீர்கள், எவர்சில்வர் பட்டால் கீறிவிடும். மண்சட்டியில் கீரை கடைய வேண்டும். காய் நறுக்கப் பலகை வேண்டும். களி கிண்ட வேண்டும். கிரைண்டரிலிருந்து மாவு வழிக்க வேண்டும். உப்பும் புளியும் போட்டுவைக்க ஏதாவது வேண்டும். புதுக் குடித்தனம் வைக்கிறவர்கள் பாத்திரக்கடையில் திணறுவது இந்த ஐந்தாறு சாமானுக்குத்தான்.

என் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடு படுகிற வேலைக்கு மரம். ஈரம், உப்பு, புளிப்பு, குளிர்ச்சி இருக்கிற வேலைக்குப் பிளாஸ்டிக். நறுக்குகிற பலகைக்கு மட்டும் நீங்கள் எதை நறுக்குகிறீர்கள், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். மற்றபடி, "பிளாஸ்டிக் என்றாலே விஷம்" என்பதிலும் பாதிதான் உண்மை, "மரத்தில் கிருமி தங்கும்" என்பதிலும் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பதுதான் விஷயமே.

அடுப்பின் மேல்

பாத்திரக்கடையில் "நான்ஸ்டிக் கரண்டி" என்று எடுத்துத் தருகிற கறுப்புத் திருப்பிகள் பெரும்பாலும் நைலான். நைலானில் சாதாரண வகை 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அதற்கு முன்னாலேயே இளக ஆரம்பித்துவிடும். மெலிசாக, பச்சை சிவப்பு என்று கலர் கலராக வருகிற மலிவுக் கரண்டிகளில் நிறைய பாலிபுரோப்பிலீன். அது 160, 165 டிகிரியிலேயே உருகும். இப்போது அடுப்பைப் பாருங்கள். கொதிக்கிற குழம்பு ஏறக்குறைய 100 டிகிரி. பஜ்ஜியோ கச்சாயமோ சுடுகிற எண்ணெய் 170லிருந்து 190 வரை. நன்றாகக் காய்ந்த தோசைக்கல் 200ஐத் தொடும், காலியாக முழுத்தீயில் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போனால் அதையும் தாண்டும். ஆக, பாலிபுரோப்பிலீன் கரண்டி எண்ணெய்ச் சட்டிப் பக்கமே போகக் கூடாது. நைலான் தாக்குப்பிடிக்கும், ஆனால் மயிரிழையில்தான்.

நம்பாவிட்டால் வீட்டில் பழைய நைலான் தோசைத்திருப்பி இருந்தால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நுனியைப் பாருங்கள். வாங்கும்போது கோடு போட்டதுபோல நேராக இருந்த விளிம்பு அலையலையாக நெளிந்திருக்கும். ஓரத்தில் பிசிறு பிசிறாக நிற்கும், விரலால் தடவினால் நெருடும். சட்டி விளிம்பில் சாய்த்து வைத்துப் பழகிய கையாக இருந்தால் காம்பிலேயே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நுனியில் குறைந்த அந்தத் துணுக்கு எங்கே போயிற்று? தோசையோடு போயிற்று, வேறெங்கே போகும்.

உருகுவதற்கு முன்னால் நடப்பது ஒன்று இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மனியில் உணவுப் பாதுகாப்பு ஆபத்துகளை மதிப்பிடுகிற பி.எஃப்.ஆர். என்கிற அரசு நிறுவனம் 2019இல் நைலான் சமையல் கரண்டிகளைப் பற்றி ஓர் அறிவுரை வெளியிட்டது. நைலான் தயாரிக்கும்போது முழுதாகக் கோத்துக்கொள்ளாமல் தங்கிவிடுகிற சிறு மூலக்கூறுகள் சூடான உணவுக்குள் இறங்குகின்றன, அளவு அதிகமானால் கல்லீரலையும் தைராய்டையும் பாதிக்கக்கூடும், அதனால் 70 டிகிரிக்கு மேல் சூடான உணவோடு இந்தக் கரண்டிகள் எவ்வளவு குறைந்த நேரம் படுகிறதோ அவ்வளவு நல்லது என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2011லேயே, சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வருகிற நைலான் சமையல் சாமான்களுக்கும், மெலமைன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் சாமான்களுக்கும் தனியாகக் கட்டுப்பாடு போட்டது.

70 டிகிரி என்பது நம் சமையலில் என்ன? பருப்பு, ரசம், குழம்பு, பொரியல், அரிசிம்பருப்பு சாதம் எல்லாமே அதற்கு மேல்தான். நாம் ஆம்லெட்டைத் திருப்பிப்போட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்கிற ஆட்கள் இல்லை. கரண்டியைக் குழம்பிலேயே போட்டு, மேலே தட்டை மூடி, அரைமணி நேரம் கழித்து வந்து கிளறுகிற ஆட்கள். இந்தப் பழக்கம் இருக்கிற வீட்டில் நைலான் கரண்டிக்கு இடமில்லை என்றுதான் சொல்வேன்.

அதே சமயம், 2024 கடைசியில் வாட்ஸ்அப்பில் சுற்றிய பயமும் எனக்கு ஒப்புதல் இல்லை. கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டிகளில், பழைய டிவி, கம்ப்யூட்டர் உடல்களை உருக்கிச் சேர்த்ததால் தீத்தடுப்பு ரசாயனம் கலந்திருக்கிறது என்று அமெரிக்காவில் வாங்கிய சாமான்களைச் சோதித்த ஓர் ஆய்வு 'கீமோஸ்பியர்' இதழில் வந்தது. அதை வைத்து எல்லாரும் கரண்டியைத் தூக்கி எறியச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அந்த ஆய்வில் ஒரு பெருக்கல் பிசகு வெளியே வந்தது. ஒரு நாளைய வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 7,000 நானோகிராம், 60 கிலோ எடையுள்ள ஆளுக்கு அதை 60ஆல் பெருக்கி 4,20,000 என்று வந்திருக்க வேண்டும், 42,000 என்று போட்டுவிட்டார்கள். உள்ளே போகிறதாக அவர்கள் கணித்தது 34,700. வரம்பை நெருங்கிவிட்டதாகத் தெரிந்தது, உண்மையில் வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ரசாயனம் கரண்டியில் இருந்ததென்னவோ நிஜம். சமையல் கரண்டியில் டிவி உடைசல் என்ன வேலையாக வந்தது என்ற கேள்வி பெருக்கல் சரியானாலும் போகவில்லை. கறுப்புச் சாயம் போட்டுவிட்டால் உள்ளே எது கலந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பிளாஸ்டிக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கறுப்பைத் தவிர்ப்பது சுலபமான காரியம்.

மரத்துக்கு வருவோம். ராகிக்களி கிண்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி வேகவிட்டு, அப்புறம் போசியை இறக்கிக் கவைக்குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். மாவு இறுக இறுகத் துடுப்பு நகர மறுக்கும். தோள்பட்டையிலிருந்து அழுத்தம் கொடுத்தால்தான் கட்டி உடையும். இந்த இடத்தில் எவர்சில்வர் கரண்டியின் காம்பு வளைந்துவிடும், கூடவே சூடேறிக் கையைச் சுடும். பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். மரம் வளையாது, சூட்டையும் கைக்குக் கடத்தாது.

கொள்ளுப் பருப்பும் அப்படித்தான். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு இறுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மண்சட்டியிலேயே மத்தால் கடைய வேண்டும். எவர்சில்வர் மத்து மண்சட்டியின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பருப்பில் மண் நெருடும். தவிர, சட்டிக்கே சில்லுப் பெயரும். மரமத்து விட்டுக்கொடுத்துப் போகும். மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால் வேலை முடிந்தது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அது கூழாகிவிடும். கடைந்ததில் பாதி பருப்பு பருப்பாகவே நிற்பதுதான் ருசி.

நான்ஸ்டிக் சட்டிக்கும் மரம் போதும். கீறல் விழாமல் இருக்கத்தான் நைலானே வந்தது. ஓரம் மழுங்கிய மரக்கரண்டியும் கீறாது, உருகவும் செய்யாது.

மரத்துக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, தடிமன். மெல்லிசாக முறுகிய தோசைக்கு அடியில் மரத்திருப்பியை நுழைப்பது நடக்காத காரியம். இரும்புக்கல் வைத்திருக்கிறவர்கள் இரும்புத் திருப்பியே வைத்துக்கொள்ளுங்கள், மரமும் வேண்டாம் பிளாஸ்டிக்கும் வேண்டாம். கலக்கியோ ஆம்லெட்டோ போடுகிற சின்ன நான்ஸ்டிக் சட்டிக்கு நுனி மெலிசாக இழைத்த மரத்திருப்பி சரியாக வரும். இரண்டாவது குறை, மரம் வாசத்தை விடாது. பூண்டுக் குழம்பில் கிடந்த கரண்டியால் ஒப்புட்டுப் பூரணம் கிளறினால் வெல்லத்தோடு பூண்டும் மணக்கும். இனிப்புக்கும் பாலுக்கும் ஒரு கரண்டி, காரத்துக்கு ஒரு கரண்டி என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வழி இல்லை. காம்பில் ஒரு நூலைச் சுற்றி அடையாளம் வையுங்கள், வீட்டுக்கு வருகிற ஒறம்பரை கைமாற்றி எடுத்துவிடுவார்கள்.

பலகை விஷயம் வேறு

அரிவாள்மனை இருந்தவரைக்கும் இந்தக் கேள்வியே கிடையாது. காயைக் கையில் பிடித்துத் தூக்கியே நறுக்கினோம், கீழே பலகை எதற்கு? தரையில் உட்கார முடியாத முழங்காலும், நின்றுகொண்டு சமைக்கிற மேடையும் வந்த பிறகுதான் கத்தியும் பலகையும் வீட்டுக்குள் வந்தன.

பலகையில் மரத்துக்குக் கெட்ட பெயர்: ஈரத்தை உறிஞ்சும், கிருமி உள்ளே தங்கும். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. அமெரிக்காவில் டீன் கிளைவர் என்கிற நுண்ணுயிரியல் பேராசிரியர் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார். வீட்டுக்கு மரத்தைவிடப் பிளாஸ்டிக் பலகைதான் நல்லது என்று அங்கே அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த காலம், அதற்கு ஆதாரம் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. அவரும் கூட்டாளிகளும் இரண்டு வகைப் பலகையிலும் கிருமிகளைத் தடவிப் பார்த்தார்கள். மரத்தில் கிருமிகள் உள்ளே இறங்கின, அது உண்மை. ஆனால் இறங்கியவை பெருகவும் இல்லை, மேலே வரவும் இல்லை, மெல்ல மெல்லச் செத்துப்போயின. புதுப் பிளாஸ்டிக் பலகையைக் கழுவுவது சுலபமாக இருந்தது. கத்தி வெட்டு விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் தேய்த்துக் கழுவினால் கிருமி போகவில்லை, அதுவும் கோழிக் கொழுப்பு பட்டிருந்தால் சுத்தமாகப் போகவில்லை. மரத்தைப் பற்றிச் சொன்னதில் "உறிஞ்சும்" என்ற பாதி சரி, "அதனால் ஆபத்து" என்ற பாதி சரியில்லை.

பிளாஸ்டிக் பலகைக்கு இன்னொரு கணக்கும் வந்திருக்கிறது. வெட்டுத் தடம் விழுகிறது என்றால் அங்கிருந்த பிளாஸ்டிக் எங்கோ போயிருக்கிறது என்றுதானே அர்த்தம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் செய்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, பாலிஎத்திலீன் பலகையிலிருந்து ஓர் ஆளுக்கு வருஷத்துக்கு 7 கிராமிலிருந்து 50 கிராம் வரை துகள் உதிரலாம் என்று கணக்கிட்டது. எப்படி நறுக்குகிறோம், எதை நறுக்குகிறோம் என்பதைப் பொறுத்து இந்த அளவு ஏறி இறங்கும். அந்தத் துகள்களை எலிச் செல்கள் மேல் விட்டுப் பார்த்ததில் அந்தச் சோதனைக்குள் செல்கள் சாகவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனாலும், ஆட்டிறைச்சி எலும்பில் ஒட்டியிருக்கிற மண்ணைக்கூடக் கழுவிச் சமைக்கிற நாம், கிராம் கணக்கில் பிளாஸ்டிக்கைச் சேர்த்துத் தாளிக்க வேண்டுமா?

இனி நம் ஊர் நடப்பு. மேல்நாட்டில் பலகைச் சண்டை முழுக்கப் பச்சைக் கோழியைச் சுற்றித்தான் நடக்கிறது, அவர்கள் வீட்டில் நறுக்குகிறார்கள். நாமக்கல் கோழியானாலும் நாட்டுக்கோழியானாலும் நமக்குக் கடைக்காரரே துண்டு போட்டுக் கையில் தந்துவிடுகிறார். பள்ளிபாளையம் சிக்கனுக்கு என்றால் "சின்னதாப் போடுங்க" என்று சொன்னால் போதும், வீட்டில் கத்தியே எடுக்க வேண்டாம். அவர் வெட்டுவதும் மரத்தின் மேல்தான், புளியமரக் கட்டை. அடித்து அடித்துக் குழி விழுந்த பிறகும் பிளக்காமல் நிற்கும் என்பதால்தான் கறிக்கடைக்குப் புளி. கடை அடைக்கும்போது அதைக் கத்தியால் சுரண்டி உப்புப் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுரண்டாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

எனவே நம் வீட்டுப் பலகைக்கு வேலை வெங்காயம், தக்காளி, பீன்ஸ், கத்தரிக்காய். இதற்கு மரப்பலகை தாராளம். மீனோ கோழியோ வீட்டிலேயே அரிகிறவர்கள் அதற்கென்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் பலகையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் ஊற்றித் தேய்க்கலாம், வெட்டுத் தடம் ஆழமானதும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். இந்த ஒரு வேலைக்கு மலிவாக இருப்பதே பிளாஸ்டிக்கின் பலம். அதில் அரிந்த கையோடு வெள்ளரிக்காயைப் பச்சையாக நறுக்கிவிடாதீர்கள், நோய் வருவது அந்த வழியில்தான்.

பலகைக்கு மரம் பார்க்கும்போது தேக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். தேக்கு தண்ணீருக்குத் தாங்கும், சரி. ஆனால் அந்த மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது, கத்தி சீக்கிரம் மழுங்கும். மாமரம், பலா, வேம்பு இவை கத்திக்கு இதமானவை. மூங்கில் பலகைகள் சின்னச் சின்னப் பட்டைகளைப் பசை வைத்து ஒட்டியவை. மூங்கில் என்று பெயர் போட்டு வருகிற தட்டு, டம்ளர்களில் சிலது இன்னும் மோசம், மூங்கில் தூளை மெலமைன் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தவை. சூடான காபியை அதில் ஊற்றினால் மெலமைன் தட்டில் ஊற்றியதுதான்.

மஞ்சள் கறை

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் சமையலறைப் பிளாஸ்டிக் எல்லாம் அதற்கு முன்பிருந்தே அந்தக் குறியீட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது. மஞ்சளின் நிறம் குர்குமின், அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறிக்கொள்ளும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அசையாது. வெயிலில் வைத்தால் போகும், குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். காலையில் மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்த டப்பா மாலைக்குள் பாதி வெளுத்திருக்கும்.

ஆனால் தினம் வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் நொறுங்க ஆரம்பிக்கும். மரமும் மஞ்சளை உறிஞ்சும், அதில் கறையாகத் தெரியாமல் நிறமாகப் படிந்துவிடுகிறது என்பதுதான் வித்தியாசம். மரத்தை நேர்வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழல்காய்ச்சலாகக் காற்றாட வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஊரைப் பார்த்து வாங்குங்கள்

எங்கும் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இது, எனக்கு முக்கியமாகப் படுகிறது. மரச்சாமானின் ஆயுள் மரத்தைவிட உங்கள் ஊர்க் காற்றைப் பொறுத்தது.

காங்கேயம், தாராபுரம், பல்லடம் பக்கம் மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற ஆடிக்காற்றில் துவைத்துப் போட்ட துணியே நின்று பார்ப்பதற்குள் காய்ந்துவிடும், கழுவி வைத்த மரக்கரண்டிக்கு என்ன. அங்கே பூஞ்சை பிடிக்க வழியே இல்லை. தொல்லை பங்குனி, சித்திரையில் வரும், காய்ந்து காய்ந்து வெடிப்பு விடும். அதற்கு எண்ணெய் தடவ வேண்டும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது, தேங்காய் எண்ணெய் ஆலைகள் நிறைந்த காங்கேயத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன. இரவில் லேசாகத் தடவி வைத்துக் காலையில் துணியால் துடைத்தெடுங்கள், எண்ணெய் மேலே நிற்கக் கூடாது.

வால்பாறைக்கு ஏறினால் கதையே தலைகீழ். சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை வாங்குகிற இடங்களில் ஒன்று. எஸ்டேட் லைன் வீட்டில் ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் சுவரே ஈரமாக இருக்கும்போது மரப்பலகை எங்கே காயும்? ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழும், மோந்து பார்த்தால் பூசண வாடை. அங்கே இருக்கிறவர்களிடம் "மரம் வாங்குங்கள்" என்று நான் சொல்ல மாட்டேன். அடுப்புக்கு எவர்சில்வர், நறுக்கப் பிளாஸ்டிக் பலகை. மரம் வேண்டுமென்றால் ஒரே ஒரு மத்து, அதையும் அடுப்புக்கு மேலே சூடு படுகிற இடத்தில் தொங்கவிடுங்கள்.

கோயம்புத்தூர் அடுக்குமாடிகளில் மழை பிரச்சினையே இல்லை, சிங்க்தான் பிரச்சினை. இரவு சாப்பிட்ட பாத்திரத்தோடு மரக்கரண்டியும் காலையில் வேலைக்கு அக்கா வரும்வரை தண்ணீரில் மிதக்கிற வீடாக இருந்தால் மரத்தை வாங்கிப் பாழாக்க வேண்டாம். மரக்கரண்டிக்குக் கேட்பது ஒன்றுதான்: பயன்படுத்தியதும் கழுவு, தலைகீழாக நிறுத்து. அதை நீங்களே செய்வீர்களா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வாங்கும்போது

நல்ல மரச்சாமான் திருவிழாவுக்குப் போடுகிற நோம்பிக்கடைகளில்தான் கிடைக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குக் குதிரை பார்க்கத்தான் கூட்டம் வரும், வந்த கூட்டம் திரும்பும்போது கையில் ஏதாவது சாமானோடுதான் திரும்பும். எந்த ஊர் தேர்க்கடையாக இருந்தாலும் பேச்சு ஒரே மாதிரிதான்.

"ஏனுங்க, இது என்ன கட்டைங்க?"

"வேம்புங்கக்கா. வைரம் பாஞ்ச கட்டை."

"கசக்காதுங்களா?"

"ரெண்டு நாளைக்கு லேசா வாடை அடிக்குமுங்க. சுடுதண்ணில ஊறப் போட்டு எடுங்க, போயிரும்."

அவர் சொல்வது சரி. ஆனால் வைரம் பாய்ந்ததா என்பதை நீங்களே பார்த்துவிடுங்கள். ஒரே கரண்டியில் பாதி கறுத்தும் பாதி வெளுத்தும் இருந்தால் வெளுத்த பாதிதான் முதலில் உளுத்துப்போகும். மரத்தின் ரேகை காம்பின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் களி கிண்டும் முதல் நாளே முறியும். கணு இருக்கிற துண்டை விட்டுவிடுங்கள். பளபளவென்று மின்னினால் வார்னிஷ், சூட்டில் உரிந்து குழம்பில் சேரும். ஈட்டி மரம் என்று கறுப்பாக நீட்டினால் ஈரத்துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள், துணியில் சாயம் இறங்கினால் கரண்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். வாங்கி வந்து முதல் தடவை நனைத்ததும் மேல்பக்கம் சொரசொரப்பாகும். அது கெட்டுப்போனதல்ல, நார் எழும்புகிறது. காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்தால் அடங்கிவிடும்.

தேங்காய்த் தொட்டிக் கரண்டிகளும் இப்போது நிறைய வருகின்றன. தொட்டி தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, குழம்பு ஊற்றச் சரியான குழிவு, பொள்ளாச்சிக்கும் காங்கேயத்துக்கும் நடுவே மூலப்பொருளுக்குப் பஞ்சமும் இல்லை. பார்க்க வேண்டியது காம்பைக் கோத்திருக்கிற இடம். இரும்பாணி அடித்திருந்தால் துருப்பிடிக்கும், புளிக்குழம்பில் இன்னும் வேகமாக. மரக்குச்சியை ஓட்டையில் இறுக்கிச் செருகியது நல்லது. பசை வைத்து ஒட்டியது வேண்டாம்.

பிளாஸ்டிக் ஜெயிக்கிற இடம்

கிரைண்டர். கோயம்புத்தூர் வெட்கிரைண்டருக்கே புவிசார் குறியீடு இருக்கிறது, அதன் உருளையில் ஒட்டிய மாவை வழித்தெடுக்க மரக்கரண்டி உதவாது. வளைந்துகொடுக்கிற பிளாஸ்டிக் வழிப்பான்தான் சுவரோடு ஒட்டி வரும், சிலிக்கான் என்றால் இன்னும் நன்றாக வழிக்கும். மாவு குளிர்ந்தது, சூடு கிடையாது, நானே பிளாஸ்டிக்தான் வைத்திருக்கிறேன். சிலிக்கான் கரண்டி நைலானைவிடச் சூட்டுக்கும் தாங்கும், 200 டிகிரிக்கு மேலும். மரம் பிடிக்காது, நான்ஸ்டிக்கும் விடமுடியாது என்பவர்கள் நைலானுக்குப் பதில் அதை எடுக்கலாம்.

உப்புக்கும் பிளாஸ்டிக் அல்லது ஜாடி. கல்லுப்பை எவர்சில்வரில் போட்டால் நல்ல எவர்சில்வரும் நாளடைவில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். மரத்தில் போட்டால் மழைக்காலத்தில் கசிந்து மரமே ஊறும். புளி, ஃபிரிட்ஜில் வைக்கிற மாவு, தயிர் எல்லாம் இதே வரிசை. டப்பாவைத் திருப்பி அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பாருங்கள், அது பாலிபுரோப்பிலீன். உணவு வைக்கத் தோதான வகை, அடுப்புப் பக்கம் போகாத வரையில். சுடச்சுட ரசத்தை அதில் ஊற்றி மூடாதீர்கள், ஆறவிட்டு ஊற்றுங்கள். ஐஸ்கிரீம் வந்த டப்பாவை வருஷக்கணக்கில் ஊறுகாய்க்கு வைத்துக்கொள்கிற சிக்கனத்தை மட்டும் கொஞ்சம் விடலாம்.

விலையில் பெரிய வித்தியாசம் வராது. வாங்கும்போது மரக்கரண்டி விலை அதிகமாகத் தெரியும், நைலான் இரண்டு மூன்று தடவை மாற்றுவதற்குள் அது நேராகிவிடும். 2019 ஜனவரியில் தமிழ்நாடு அரசு தடை செய்தது ஒருதடவை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக்கைத்தான், கரண்டி அதில் வராது, ஆகவே கடைக்காரர் சட்டம் பேசினால் நம்ப வேண்டாம். முறிந்த மத்தை பொடக்காலியில் வெந்நீர் அடுப்புக்குள் தள்ளிவிடலாம். நைலான் திருப்பியை அப்படித் தள்ளக் கூடாது, எரிகிற புகை உங்கள் வீட்டுக்குள்தான் வரும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கிற நைலான் கரண்டிகளை நாளைக்கே குப்பையில் போடச் சொல்லவில்லை. நுனி நெளிந்ததையும் பிசிறு விட்டதையும் சமையலறையிலிருந்து எடுத்துவிடுங்கள், மாடித்தோட்டத்தில் மண் அள்ள ஆகும். நுனி சரியாக இருப்பதை ஆறிய பண்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், தயிர்சாதம் பிசைய. இந்த ஆடிக்கு நோம்பிக்கடைப் பக்கம் போனால் களித்துடுப்பு ஒன்று, மத்து ஒன்று, இனிப்புக்கும் காரத்துக்குமாகக் கரண்டி இரண்டு வாங்குங்கள். பலகையைக் கடையில் அடுக்கியிருப்பதில் எடுப்பதைவிட, ஊரில் தெரிந்த ஆசாரி யாராவது இருந்தால் அவரிடம் சொல்லி மாமரத்தில் ஒரே துண்டாக, விரற்கடை ஒன்றரை தடிமனுக்கு இழைத்து வாங்குவது நல்லது. மெலிசான பலகை ஒரே கோடையில் வளைந்துவிடும்.